தண்டையார்பேட்டை மலைத்தொடர்

ஜனவரி 5, 2003, ஞாயிறு

கண்ணீர் அஞ்சலி! வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் எங்களோடு வசித்துவந்த பற்பசை அவர்கள் இன்று காலை இயற்கை எய்தினார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிக்கிறோம். அன்னார் கடைசி ஒரு வாரமாக வயிறு ஒட்டி, முதுகு மடிந்து, உருட்டப்பட்டு, மிதிக்கப்பட்டு, இறுதியில் அம்மாவின் கத்தரிக்கோலால் பிளக்கப்பட்டு, உள்ளிருந்த கடைசித் துளியையும் குடும்பத்துக்கே ஈந்தார். இவண், துயரத்திலும் நாற்றத்திலும் வாடும் செங்குட்டுவன், பதினோராம் வகுப்பு.

இதைப் பெரிய எழுத்தில் எழுதிக் குளியலறைக் கதவில் ஒட்டினேன். "காலங்காத்தால வூட்டுக்குள்ள எழவு போஸ்டரு ஒட்டிகீற?" என்று அம்மா துடைப்பத்தோடு வந்தாள். மாயாக்கா மட்டும் சிரிப்பு தாங்காமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் சிரித்துவிட்டால் நான் காலி. அடுத்து எதைக் கேட்டாலும் சரி என்று சொல்லிவிடுவேன். அது அவளுக்குத் தெரியும்.

கேட்டாள். "அடுத்த ஞாயித்துக்கெழம எண்ணூருக்குக் கூட வர்றியாடா? நைனா தனியா வுட மாட்டேன்றாரு."

அக்கா விலங்கியல் இரண்டாம் ஆண்டு. வரையாட்டுப் பைத்தியம் முற்றி மூன்றாம் ஆண்டு. உயர்ந்த மலைகளின் புல்வெளியில் மட்டும் வாழ்கிற காட்டு ஆடாம். பீரோ கதவில் சாமி படம் ஒட்டுகிற இடத்தில் அதன் படத்தை ஒட்டி வைத்திருக்கிறாள். மே மாதம் ஆனைமலையில் அவற்றைக் கணக்கெடுக்கப் போகிறார்கள். நடத்துவது ஏதோ இயற்கைச் சங்கம். கல்லூரிப் பிள்ளைகள் சிலரையும் சேர்த்துக்கொள்வார்களாம். விண்ணப்பத்தோடு மூன்று புகைப்படம் அனுப்ப வேண்டும்: உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் வாழும் உயிர்கள், உங்கள் கையால் எடுத்தவை. கல்லூரியில் கெஞ்சி ஒரு கேமரா வாங்கி வந்திருக்கிறாள். அதன் லென்ஸ் சுரைக்காய் நீளம்.

நைனா இன்னும் சம்மதிக்கவில்லை. அவர் பேசின் பிரிட்ஜ் யார்டில் ரயில் சக்கரங்களைச் சுத்தியலால் தட்டிப் பார்க்கிறவர். சத்தத்தை வைத்தே விரிசல் சொல்வார். அவரைத் தட்டினால்தான் சத்தமே வராது. "பொட்டப்புள்ள. மலை. கூடாரம்," என்று மூன்று சொல் சொல்லிவிட்டு ஷிஃப்டுக்குப் போய்விட்டார்.

ஜனவரி 12, ஞாயிறு

உடம்பெல்லாம் சேறு. மனசெல்லாம் திட்டு.

ரயிலில் எண்ணூர். கழிமுகத்தின் ஓரம் அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்து சேறே நரைத்துக் கிடந்தது. அதில் அக்கா குப்புறப் படுத்துவிட்டாள், நல்ல சுடிதாரோடு! எதிரே தண்ணீரில் ஏழெட்டு பவளக்காலிப் பறவைகள். பென்சிலைச் சீவிச் சிவப்புச் சாயம் அடித்தது போலக் கால். பின்னால் புகைபோக்கிகள் தலைகீழாகத் தண்ணீரில் ஆடின. அழகாகத்தான் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எவ்வளவு நேரம்தான் அழகையே பார்ப்பது? பறவை நடக்கிறது, குனிகிறது, நடக்கிறது. அக்கா கிளிக் பண்ணவே இல்லை.

உதவலாமே என்று ஒரு கல்லை எடுத்து வீசினேன். எல்லாம் கூச்சலிட்டுக் கிளம்பிப் பறந்தன. சோக்கான காட்சி! "எடுக்கா, எடு!" என்று கத்தினேன்.

எடுக்கவில்லை. எழுந்து உட்கார்ந்தாள். அடிப்பாள் என்று பார்த்தேன். அடித்திருந்தால் தேவலை.

"எங்கேந்து வந்துகீதுன்னு தெரியுமாடா அதுங்கல்லாம்? துன்றதுக்குன்னு இந்தச் சேத்த நம்பி வந்துகீது. நீ ஒரு வாட்டி எழுப்பி வுட்டா, துன்னது அத்தினியும் பறக்குறதுக்கே பூடும். தட்டுல கை வெச்சவன எழுப்பி வுடுவியா நீ?"

"பறக்குற போட்டோ நல்லா இருக்குமேன்னு..."

"அது அதுங்க குடுத்து வாங்குற போட்டோ இல்லடா. புடுங்குற போட்டோ."

அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் ஒரு முழு மதியம் வாய் மூடி இருந்தது இதுவே முதல் முறை. பறவைகள் திரும்பி வந்தன. அக்கா படம் எடுத்தாள். திரும்பும்போது ரயிலில் எனக்கு வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தாள். அவளுக்குக் கோபம் ரயில் டிக்கெட் மாதிரி, அன்றைக்கு மட்டும்தான் செல்லும்.

ஜனவரி 14, செவ்வாய், போகி

இன்று நான் ஒரு மலையைக் கண்டுபிடித்தேன்.

விடியற்காலையில் தெருவெல்லாம் டயர் கொளுத்திப் புகை. எதிர் பிளாக் தெரியவில்லை. அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். கேமராவில் இன்னும் சில படம் பாக்கி இருப்பது எனக்குத் தெரியும். மூளையில் ஒரு பொறி. கேமராவைத் தூக்கிக்கொண்டு தண்டையார்பேட்டைக்கு ஓடினேன், உபைதுல்லா வீட்டுக்கு. உபை என் தோஸ்து, ஒரே பெஞ்சு. அவன் அம்மா அஜீசுன்னிசா ஒரு பழுப்புப் பெட்டை ஆடு வளர்க்கிறார். பெயர் கலெக்டர். அழைக்காமலே எல்லார் வீட்டிலும் நுழைந்து ஆய்வு செய்யும்.

ரயில் பாதை ஓரம் இடித்துப் போட்ட குடோனின் செங்கல் குவியல் ஒன்று உண்டு. அதன் உச்சியில் கலெக்டரை ஏற்றினோம். அவர் ஒரு கட்சிப் போஸ்டரைத் தின்றுகொண்டு தலையைத் தூக்கவே மாட்டேன் என்றார். உபை ஒரு கம்பில் முருங்கைக் கீரையைக் கட்டி உயர்த்திப் பிடித்தான். நான் கீழே, கலீஜான சாக்கடைத் திட்டில் படுத்து, அண்ணாந்து...

புகை நகர்ந்தது. ஆடு கழுத்தை நீட்டி வானத்தைப் பார்த்தது. கிளிக்!

"இன்னாத்துக்குடா இது?" என்றான் உபை இருமிக்கொண்டே.

"எங்கக்காவுக்கு மாமு. மலைக்குப் போறதுக்கு மின்னாடியே மலைய வூட்டுக்குக் கொண்டாந்துட்டேன்னு சொல்லப் போறேன்."

ஜனவரி 22, புதன்

படங்கள் கழுவி வந்துவிட்டன. ஸ்டுடியோவிலிருந்து வாங்கி வந்தது நான், எனவே முதலில் பார்த்ததும் நான்.

சத்தியமாகச் சொல்கிறேன், கலெக்டர் கலெக்டராக இல்லை. கரும்பாறை, அதன் மேல் ஓர் ஆடு, சுற்றிலும் பனிமூட்டம். செங்கல் என்று ஒரு பயல் சொல்ல முடியாது. அக்கா கண்ணில் படாமல் அம்மாவிடம் காட்டினேன். "ஊட்டியாடா?" என்றாள். நைனாவிடம் காட்டினேன். விளக்குக்குக் கீழே கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார். "குளுரும்போலகீதே," என்றார். யார்டில் வெயிலில் கருகுகிற மனிதர் என் புகைப்படத்தைப் பார்த்து முழுக்கைச் சட்டையின் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்! நான் ஒரு கலைஞன்.

படத்தின் பின்னால் எழுதினேன்: "வரையாடு. தண்டையார்பேட்டை மலைத்தொடர். உயரம்: உபையைவிடக் கொஞ்சம் அதிகம்."

அக்கா தன் மூன்று படங்களைத் தேர்ந்தெடுத்து, குறிப்பு எழுதி, உறையில் போட்டு மேசைமேல் வைத்திருக்கிறாள். பவளக்காலி, சிக்னல் கம்பியில் மைனா, மூலக்கொத்தளம் சுடுகாட்டுச் சுவரில் ஓணான். நாளைக்குக் காலையில் இன்னொரு தரம் சரிபார்த்துவிட்டு ஒட்டுவாள். அப்போது நாலாவதாக ஒரு வரையாடு துள்ளி விழுந்தால்? அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். உள்ளே செருகிவிட்டேன்.

ஜனவரி 23, வியாழன்

உறை இல்லை.

காலையில் எழுந்து பார்த்தால் மேசை காலி. நைனா காலை ஷிஃப்டுக்குப் போகும்போது தானே பசை தடவி ஒட்டி எடுத்துப் போய், தபாலாபீஸ் திறக்கும்வரை காத்திருந்து, பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டார். ஷிஃப்டுக்குத் தாமதம். யார்டில் திட்டு வாங்கியிருப்பார். சாயங்காலம் ரசீதை அக்கா கையில் கொடுத்தார். அவ்வளவுதான்.

அக்கா ரசீதைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நைனா சரின்னுட்டாருடா குட்டு, சரின்னுட்டாரு."

நானும் அழ வேண்டும்போல இருந்தது. வேறு காரணத்துக்கு.

ஜனவரி 24, வெள்ளி

ஐயோ, இன்னா பண்ணி வெச்சிகீறேன் நான்? அவங்க பிரிப்பாங்க, ஆட்டப் பாப்பாங்க, பின்னால படிப்பாங்க. இந்தப் பொண்ணு நம்மள கலாய்க்குதுன்னு தூக்கிப் போட்டுருவாங்க. அக்காகிட்ட சொல்லலாமா? சொன்னா நைனாவும் இல்ல மாட்டுவாரு. அவரு ஒரு தடவ ஒண்ணு பண்ணாரு. அதுல போயி...

ஜனவரி 28, செவ்வாய்

பள்ளிக்கூடத்துக்குக் கட். நானும் உபையும் பாரிமுனையில் பஸ் மாறி அடையாறு. சங்கத்தின் அலுவலகம் ஒரு பழைய வீட்டு மாடி. ஒல்லியாக, நரைத்த கிராப்போடு ஓர் அம்மா இருந்தார். மேசை முழுக்க உறைகள்.

வழியெல்லாம் பேச்சை ஒத்திகை பார்த்திருந்தேன். அங்கே போனதும் எல்லாம் ஆவியாகிவிட்டது. "அந்த ஆடு என்னுது மேடம்," என்றேன்.

"எந்த ஆடு?"

"தண்டையார்பேட்ட ஆடு. எங்கக்கா மாயா கவருல வந்துச்சே."

"எங்கம்மா ஆடு," என்று உபை திருத்தினான். ரொம்ப முக்கியம்.

அவர் ஒரு கட்டுக்குள்ளிருந்து அக்காவின் உறையை உருவினார். தனியாக வைத்திருந்தார். நிராகரித்த கட்டு என்று பார்த்ததுமே தெரிந்தது. கலெக்டரின் படத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இது விளையாட்டுன்னு தெரியுது. படிச்சு நானும் சிரிச்சேன். ஆடு அனுப்பினா தப்பில்லப்பா. ஆடும் உங்க ஊர்ல வாழற உயிர்தானே?" படத்தின் மேல்மூலையில் விரலை வைத்தார். "இது என்ன?"

குனிந்து பார்த்தேன். பச்சையாக ஒரு துளி. உபையின் கம்பு நுனி. முருங்கைக் கீரை.

"இரை காட்டி எடுத்த படம் கூடாதுன்னு முதல் விதியே அதுதான். மலையில ஒருத்தர் இப்படி ஒரு வாழைப்பழம் நீட்டினா போதும். அடுத்த வருஷம் அந்த ஆடு ரோட்டோரம் வந்து பஸ்ஸுக்குக் காத்திருக்கும். அப்படிப்பட்டவங்களை நான் மலையேத்த முடியாது. அதனாலதான் உங்க அக்காவோடதை ஒதுக்கிவெச்சேன்."

"எங்கக்கா அப்டி இல்ல மேடம்! கல்லு வுட்டதுக்கே என்னை... அவ மத்தியானம் பூரா சேத்துல படுத்துகினு இருந்தா மேடம், அதுங்களா வர்ற வரைக்கும். இது அவளுக்குத் தெரியவே தெரியாது. நைனாதான் ஒட்டி... அவருக்கும் தெரியாது. எல்லாம் நான்தான்." நடுவில் குரல் உடைந்து கோழி மாதிரி வந்தது.

அவர் படத்தை மறுபடி உறைக்குள் செருகினார். "உங்க அக்காகிட்ட இதைச் சொல்லிட்டியா?"

"இல்ல."

"அப்ப முதல்ல அங்க சொல்லு. அப்புறம் அவங்க வரட்டும்."

பஸ்ஸில் உபை என் தோளில் கை போட்டுக்கொண்டு வந்தான். வழக்கமாக அவனோடு கண்டக்டரை வம்பிழுப்பேன். இன்று இல்லை.

ஜனவரி 29, புதன்

சொல்லிவிட்டேன். மாடிப்படியில் வைத்து. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு அடையாறுக்குக் கிளம்பினாள்.

பிப்ரவரி 1, சனி

அக்கா இன்னும் என்னோடு பேசவில்லை. சோறு போடுகிறாள், தண்ணீர் வைக்கிறாள், என் சட்டைப் பொத்தானைத் தைத்துக்கூட வைத்திருக்கிறாள். பேசத்தான் இல்லை. ரயில் டிக்கெட் என்று எழுதினேனே, இது சீசன் டிக்கெட்போலகீது.

பிப்ரவரி 3, திங்கள்

பள்ளிவிட்டு வந்தால் பீரோ கதவில் வரையாட்டுக்குப் பக்கத்தில் கலெக்டர் ஒட்டப்பட்டிருக்கிறார்! பச்சைத் துளியைச் சுற்றி மட்டும் சிவப்புப் பேனாவால் வட்டம்.

"உயரம் தப்பு," என்றாள் அக்கா, துணி மடித்துக்கொண்டே. "உபை இந்த வருஷம் வளந்துட்டான்."

பேசிட்டா! பேசிட்டா!

பிப்ரவரி 21, வெள்ளி

கடிதம் வந்தது. மாயா அசோகன், தேர்வு.

அம்மா அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேசரி கொடுத்தாள். நைனா சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டே சொன்னார்: "தம்பியும் கூடப் போவட்டும்."

"நைனா, இவன் வந்தா ஆடெல்லாம் கேரளாவுக்கு ஓடிடும்," என்றாள் அக்கா. ஆனால் உடனே பூத்துக்குப் போய் அடையாறு அம்மாவிடம் போனில் கேட்டுவிட்டாள். "யாரு, ஆட்டுக்காரப் பையனா?" என்று சிரித்தாராம். மூட்டை தூக்க வரலாமாம். நிபந்தனை: வாயைத் திறக்கக் கூடாது.

மே 10, சனி, ஆனைமலை

கூடாரத்தில் எழுதுகிறேன். விரல் மரத்து எழுத்து தானாக நடனமாடுகிறது. மூன்று சட்டை, அதன் மேல் நைனாவின் ரயில்வே கோட்டு. ஆனாலும் பல் தந்தி அடிக்கிறது.

மலை என்றால் மரமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இங்கே உச்சியில் புல்தான், கண்ணுக்கெட்டியவரை புல். பள்ளங்களில் மட்டும் காடு சுருண்டு படுத்திருக்கிறது. ஒரு சரிவில் மட்டும் வேறு மாதிரி மரங்கள் நெருக்கியடித்து நின்றன. சீகை மரமாம், வெள்ளைக்காரன் காலத்தில் வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டது. அது பரவப் பரவப் புல் போய்விடும், புல் போனால் ஆடு போய்விடும் என்று அக்கா சொன்னாள். எண்ணூரில் சேற்றைச் சாம்பல் தின்பது மாதிரியா என்று கேட்டேன். என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஆமாடா," என்றாள். புத்திசாலித்தனமாக ஏதோ கேட்டுவிட்டேன்போல. கவனமாக இருக்க வேண்டும்.

கல்லூரியில் இந்த முறை கேமராவை மட்டும் கொடுத்திருக்கிறார்கள், சுரைக்காய் லென்ஸ் தரவில்லை. எங்கள் பகுதியில் அக்கா, நான், வனக்காவலர் அண்ணன் ஒருவர். அவர் எதிர் முகட்டில், நாங்கள் ஒரு பாறையில். நாளை விடிவதற்குள் போய் உட்கார வேண்டும். எழுந்து நிற்கக் கூடாது. ஒரு மந்தை மிரண்டு ஓடி அடுத்த குழுவின் பகுதிக்குப் போனால் இரண்டு இடத்திலும் எண்ணிவிடுவார்கள், கணக்கு பாழ். அக்காவுக்கு அதுதான் பயம். தன் பக்கத்துக் கணக்கு தப்பாகிவிடக் கூடாது. இரவு சாப்பிடவே இல்லை.

மே 11, ஞாயிறு

பார்த்தோம்.

மே 16, வெள்ளி, வியாசர்பாடி

வீரன் வீடு திரும்பினான். எனக்கு ஊரே வரவேற்பு. டீக்கடை, முடிதிருத்தகம், கிரிக்கெட் மைதானம் என்று மூன்று இடத்தில் சொற்பொழிவு ஆற்றிவிட்டேன். ஒவ்வொரு இடத்திலும் ஆடு கொஞ்சம் கொஞ்சமாக என்னை நெருங்கி வந்தது. டீக்கடையில் இருபதடி. முடிதிருத்தகத்தில் கை நீட்டினால் தொடலாம். மைதானத்தில் அதன் மூச்சுக்காற்று லென்ஸில் படிந்து நான் சட்டையால் துடைக்க வேண்டியிருந்தது.

"மொத்தம் எத்தினி போட்டோடா மாமு?" என்றான் உபை, வாயைப் பிளந்து.

"ரோலு பூரா. கெடா ஒண்ணு நேரா என்னைப் பாத்துகினே நின்னுச்சு. போஸு குடுத்துச்சு மாமு, போஸு!"

படம் கழுவி வரட்டும், வீட்டுக்கு வந்து பார்க்கிறேன் என்று எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள். அக்காவின் கணக்கைக் காவலர் அண்ணனின் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தார்களாம். ஒரு தலைகூட வித்தியாசமில்லை. அடுத்த கணக்கெடுப்பில் ஒரு குழுவையே அவளிடம் கொடுப்பதாக அடையாறு அம்மா சொல்லியிருக்கிறார். அதை அக்கா ஒரே ஒரு முறைதான் சொன்னாள், அதுவும் மெதுவாக. இந்த வீட்டில் தம்பட்டம் முழுக்க என் பங்கு.

மே 22, வியாழன்

படங்கள் வந்துவிட்டன.

வீட்டில் கூட்டம். உபை, அவன் அம்மா, டீக்கடை அண்ணன், அம்மா, நைனா. உறை கைமாறிக் கைமாறிப் போனது. 

எல்லாப் படத்திலும் அக்கா. பாறையில் குப்புறப் படுத்திருக்கும் அக்கா. தலைமுடியில் பனித்துளி. உதடு பாதி திறந்திருக்கிறது, எண்ணிக்கொண்டிருக்கிறாள். ஒன்றில் கைவிரல்களை மடக்குகிறாள். ஒன்றில் கண் ஈரமாக இருக்கிறது, ஆனாலும் இமைக்கவில்லை, இமைத்தால் ஒன்று விட்டுப்போய்விடுமே. அந்த முகத்தை வீட்டில் யாரும் பார்த்ததில்லை. நானும் அன்றுதான் பார்த்தேன்.

நைனா ஒரு படத்தை எடுத்து ஜன்னலருகே போனார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல இன்னொரு காப்பி போட்டுக் குடுக்கச் சொல்லு. யார்டுல காட்டணும்," என்றார்.

"இன்னாடா இது?" என்றாள் அக்கா என்னிடம். "கேமராவ உங்கையில குடுத்து, நான் எண்றேன், நீ ஆட்ட எடுன்னுதான சொன்னேன்?"

உபை கடைசிப் படத்தையும் புரட்டிப் பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கினான். "மாமு... ஆடு எங்கடா?"

என்ன சொல்வது? நைனா இருக்கிறார். டீக்கடை அண்ணன் இருக்கிறார். மூச்சுக்காற்று வேறு லென்ஸில் படிந்து தொலைத்திருக்கிறது.

"அது அந்தாண்ட சரிவுல இருந்துச்சு மாமு. அம்மாந்தூரம். எறும்பு மாதிரி. எடுக்கணும்னா நான் எந்திரிச்சி, கொஞ்சம் ஊர்ந்து மின்னாடி போவணும். எந்திரிச்சா ஓடிடும். ஓடிட்டா அவ கணக்கு பூடும். கையக்கூட ஆட்டாம, இருந்த எடத்துலேந்து எடுக்குற மாதிரி அங்க இருந்தது இவ ஒருத்திதான்."

"அப்ப கெடா போஸு குடுத்தது?"

"கத வுட்டதுடா. அத்தினியும் வுட்டது. ஒரு ஆடுகூட எடுக்கல."